குடத்துப் பாலும் காப்பித் தொட்டியும்

'நொதி' என்ற சொல் கலைச்சொல் பட்டியலில் இருந்து வந்ததாகத்தான் நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். என்சைம் என்பதற்குத் தமிழில் யாரோ குழு அமைத்து உட்கார்ந்து செய்த பெயர் என்பது நினைப்பு. செய்த பெயர்தான், ஆனால் வேர் நம் அடுப்படியில் இருக்கிறது. மாவு நொதிக்கிறது, கள் நொதிக்கிறது. ஜெர்மானிய உடலியலாளர் வில்ஹெல்ம் கூனே 1877இல் 'என்சைம்' என்ற சொல்லைப் படைத்தபோது அவரும் இதே இடத்திற்குத்தான் போனார். கிரேக்க மொழியில் அதற்குப் 'புளிப்பில் உள்ளது' என்று பொருள். இரு மொழிகளும் ஒன்றையொன்று கேட்காமல் ஒரே மாவுப் பானைக்குள் கைவிட்டிருக்கின்றன.

தமிழிலக்கியம் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் புறநானூற்றின் 276ஆம் பாட்டு நினைவுக்கு வராமல் போகாது. மதுரைப் பூதன் இளநாகனார் பாடியது. நரைத்த கூந்தலும் வற்றிய மார்பும் கொண்ட முதிய தாய் ஒருத்தி. அவளுடைய அன்பு மகன் போர்க்களத்தில் நிற்கிறான். பகைவர் படை முழுவதும் அவன் ஒருவனால் நிலைகுலைந்து போகிறது. ஆயர் மகள் ஒருத்தி தன் நகத்தால் தெறித்த சிறு துளி உறை, ஒரு குடம் பாலையும் மாற்றிவிடுவதைப் போல என்கிறார் புலவர். அளவில் சிறியது, விளைவில் பெரியது. வேதியியல் பேராசிரியர் ஒருவர் வினையூக்கியைப் பற்றி வகுப்பெடுக்கத் தொடங்கும்போது சொல்வதும் இதைத்தான்.

ஆயினும் உவமைக்கும் உண்மைக்கும் இடையே ஒரு நூலிழை வேறுபாடு உண்டு. உறையில் இருப்பவை உயிருள்ள நுண்ணுயிரிகள். அவை பாலில் விழுந்ததும் பெருகுகின்றன. இரவெல்லாம் தலைமுறை தலைமுறையாகப் பிறந்து பாலின் சர்க்கரையைப் புளிப்பாக்குகின்றன. அந்த நுண்ணுயிரிகளுக்குள் இருந்து வேலை செய்பவையே நொதிகள். நொதி உயிருள்ளதன்று, அது பெருகுவதில்லை. ஒரு புரத மூலக்கூறு, அவ்வளவுதான். ஒரு வினையை முடித்துவிட்டு மாறாமல் வெளியே வந்து அடுத்ததைத் தொடும். அதை முடித்து அதற்கடுத்ததைத் தொடும். ஆயர் மகளின் நகத்தில் இருந்தது ஒரு படை. நொதி அந்தப் படையிலுள்ள ஒவ்வொருவனின் கைவாள்.

இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்க ஐரோப்பாவுக்கே ஒரு நூற்றாண்டு பிடித்தது. புளிப்பு என்பது உயிரின் செயல், உயிரணு இல்லாமல் அது நடவாது என்று பாஸ்டர் உறுதியாக நின்றார். வெறும் வேதிவினைதான் என்று லீபிக் மறுத்தார். 1897இல் எட்வர்டு புக்னர் ஈஸ்டை மணலோடு சேர்த்து அரைத்து, பிழிந்து, உயிரணு ஒன்றுகூட இல்லாத சாற்றை எடுத்தார். கெடாமல் இருக்கட்டும் என்று அதில் சர்க்கரையைச் சேர்த்தார். சாறு நுரைத்துப் பொங்கத் தொடங்கியது. உயிர் போன பின்னும் வேலை நடந்தது. அந்த நுரைக்கு 1907இல் நோபல் பரிசு கிடைத்தது.

*

இதையெல்லாம் தமிழ் கற்பிக்கும் நாங்கள் படிக்க நேர்ந்ததற்கு ஒரு மாணவன் காரணம்.

கல்லூரியில் தமிழாசிரியர்களுக்கு என்று ஒரு விசித்திரமான இடம் உண்டு. பகுதி ஒன்று தமிழ் எல்லாத் துறை மாணவர்களுக்கும் பொது. இயற்பியல், வேதியியல், வணிகவியல் என்று எல்லாரும் எங்கள் முன்னால் வந்து அமர்ந்துவிட்டுப் போகிறார்கள். தம் துறை ஆசிரியரிடம் சொல்லாததை எங்களிடம் சொல்பவர்களும் உண்டு. அப்படித்தான் வேதியியல் இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன், சேர்வராயன் மலைக் கிராமத்திலிருந்து வந்தவன், பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழில் படித்தவன், ஒருநாள் தமிழ்த்துறை அறை வாசலில் வந்து நின்றான். "ஐயா, அடுத்த மாதத்திலிருந்து வரமாட்டேன். மாமா திருப்பூருக்குக் கூப்பிடுகிறார்" என்றான். இரண்டு தாள்களில் தோல்வி. அவற்றில் ஒன்று உயிர்வேதியியல். பாடநூலைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தோம். ஒவ்வோர் ஆங்கிலச் சொல்லுக்கு மேலும் பென்சிலால் தமிழ்ப் பொருள் எழுதியிருந்தான். ஏழெட்டுப் பக்கம் அப்படி. அதன்பின் பக்கங்கள் வெள்ளையாக இருந்தன. அந்த வெள்ளை எங்களைத் தொந்தரவு செய்தது.

அந்தத் தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நால்வர் மலையேறினோம்: தமிழ்த்துறையினர் மூவர், வேதியியல் கற்பிக்கும் நண்பர் ஒருவர். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள். பேருந்து ஒவ்வொரு வளைவிலும் மூச்சிரைத்து நின்று திரும்பியது. ஏற்காட்டின் நடுச்சந்தியான ஒண்டிக்கடையில் அவன் காத்திருந்தான்.

ஒண்டிக்கடை என்ற பெயரே ஒரு சிறுகதை. ஒண்டியாக, தனித்து நின்ற ஒரு கடை. இன்று அந்தச் சந்திப்பைச் சுற்றி விடுதிகளும் தேநீர்க் கடைகளும் வாகன நெரிசலும் இருக்கின்றன. ஊர் பெருத்துவிட்டது, பெயர் மட்டும் அந்த ஒற்றைக் கடையைக் கைவிடாமல் வைத்திருக்கிறது. சேலம் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்ன் 1820களில் இம்மலையில் காப்பியை நட்டுவைத்தார். அதிலிருந்து இந்த ஊரின் நேரம் காப்பியின் நேரமாயிற்று. சில்வர் ஓக் மரங்களின் நிழலில் அராபிகா செடிகள். மார்கழி, தை என்றால் பழம் பறிக்கும் காலம்.

மாணவனின் தாயார் ஒரு சிறு எஸ்டேட்டின் பல்ப்பர் கொட்டகையில் வேலை செய்பவர். அங்கேதான் அவன் எங்களை அழைத்துப் போனான்.

*

காப்பிப் பழம் பார்ப்பதற்குச் சிவந்த சிறு நாவல்பழம் போல இருக்கும். பறித்த அன்றைக்கே பல்ப்பரில் போட்டுத் தோலை உரித்துவிட வேண்டும். உரித்தபின் விதையைச் சுற்றி வழுவழுப்பான ஒரு பசை நிற்கிறது. தண்ணீரில் எத்தனை முறை அலசினாலும் போகாது. கையில் எடுத்தால் நுங்கு போல நழுவும். அந்தப் பசையோடு காயவைத்தால் பூஞ்சை பிடித்துக் காப்பி கெட்டுவிடும். ஆகவே விதைகளைச் சிமெண்டுத் தொட்டியில் குவித்து அப்படியே விட்டுவிடுகிறார்கள். அராபிகாவாக இருந்தால் வழக்கமாக 24 மணியிலிருந்து 36 மணி நேரம். ரோபஸ்டாவுக்கு 72 மணி நேரம் வரைகூட ஆகும்.

அந்த நேரத்தில் தொட்டிக்குள் நடப்பதுதான் எங்கள் மாணவனின் பாடநூலில் பென்சில் நின்றுபோன பக்கம். பசையின் உறுதிக்குக் காரணம் பெக்டின் என்னும் நீண்ட சங்கிலி மூலக்கூறு. கொய்யாப்பழ ஜெல்லியை இறுக வைப்பதும் அதுவே. பழத்திலேயே உள்ள பெக்டினேஸ் நொதிகளும், தொட்டியில் பெருகும் ஈஸ்டுகளும் பாக்டீரியாக்களும் சுரக்கும் நொதிகளும் சேர்ந்து அந்தச் சங்கிலியைக் கண்ணி கண்ணியாக வெட்டுகின்றன. சங்கிலி துண்டானதும் பசை நீராகிவிடுகிறது. மாங்காய் மாம்பழமாகும்போது சதை இளகுவதற்கும் இதே இனத்து நொதிகள் காரணம். பழுப்பது என்று நாம் சொல்வதில் ஒரு பகுதி, இந்த வெட்டுதல்தான்.

அந்த அம்மா தொட்டியருகே குந்தி, கையை முழங்கைவரை விட்டு, ஒரு பிடி விதையை எடுத்து உள்ளங்கைகளுக்கிடையே தேய்த்தார். எங்களையும் தேய்க்கச் சொன்னார். வழுக்கியது.

"இன்னும் ஆகலைங்க சார். கூழாங்கல்லு மாதிரி நறநறன்னு வரணும். அப்பத்தான் கழுவணும்."

எப்போது வரும் என்று வேதியியல் நண்பர் கேட்டார்.

"ராத்திரி குளிரு எப்படின்னு பாக்கணுங்க. பனி அதிகமானா நாளைக்குப் பொழுது சாயத்தான் வரும். போன வாரம் வெயிலு இருந்துச்சு, சீக்கிரம் வந்துருச்சு. நேரம் தப்பினா நாத்தம் புடிச்சுக்கும். ஒரு கொட்டை நாறினாலும் மூட்டை முழுசும் போச்சுங்க."

நண்பர் எங்கள் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார். வெப்பநிலை பத்து டிகிரி கூடினால் நொதியின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்று வகுப்பில் கரும்பலகை நிறைய எழுதுகிறோம். இவர் அதைக் கையால் படிக்கிறார் என்று. மிகைச் சூட்டில் நொதியின் மடிப்புக் குலைந்து, வெந்த முட்டை வெள்ளைக்கரு போல உதவாமற் போகும் என்பது அந்தப் பாடத்தின் மறுபாதி. மலையில் அந்தக் கவலை இல்லை. இங்கே குளிர்தான் எசமான். ஏற்காட்டு வீடுகளில் தோசைமாவு இரண்டாம் நாள்தான் பொங்குவதற்கும் இதுவே காரணம்.

மாணவன் இதுவரை பேசவில்லை. தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். "இதுதான் அதுவா ஐயா?" என்றான்.

*

திரும்பும் வழியில் ஒண்டிக்கடையில் தேநீர் குடித்தபடி வேதியியல் நண்பர் அவனுக்குச் சொன்ன விளக்கத்தை இங்கே தருகிறோம். எங்களுக்கு அதைவிடத் தெளிவான ஒன்று இதுவரை கிடைக்கவில்லை.

மலைக்கு இப்பால் சேலம் இருக்கிறது; அப்பால் தருமபுரி மாவட்டத்துப் பொம்மிடிச் சமவெளி. இடையில் 1600 மீட்டருக்கு மேல் உயர்ந்த சேர்வராயன். இப்பாலில் இருப்பவர்கள் அப்பாலுக்குப் போக விரும்புகிறார்கள். அப்பால் போய்விட்டால் நிம்மதி. ஆனால் இடையிலிருக்கும் மலையை ஏறித்தான் இறங்க வேண்டும். ஆயிரம் பேரில் ஒருவனுக்கு அன்றைய பொழுதில் அந்தத் தெம்பு இருக்கிறது. அவன் மட்டும் போகிறான். மற்றவர்கள் அடிவாரத்திலேயே நிற்கிறார்கள். வேதிவினையும் அப்படியே. சர்க்கரைக்கும் ஆக்சிஜனுக்கும் ஒன்றுசேர்ந்து எரிந்துபோக விருப்பம் உண்டு. எனினும் டப்பாவில் சர்க்கரை ஆண்டுக்கணக்கில் அப்படியே இருக்கிறது. காரணம் நடுவிலுள்ள மேடு. கிளர்வுறு ஆற்றல் என்று அதற்குப் பாடநூல் பெயர்.

மேட்டைக் கடக்கச் செய்ய ஒரு வழி, சூடாக்குவது. எல்லாருக்கும் தெம்பு ஏற்றிவிடலாம். தீக்குச்சி செய்வது அதைத்தான். உடம்புக்குள் அப்படிச் செய்தால் உடம்பே வெந்துவிடும். நொதி வேறொரு வழியைத் திறக்கிறது. யாருக்கும் கூடுதல் வலிமை தருவதில்லை; யாரையும் தள்ளுவதில்லை. தாழ்வான ஒரு கணவாயைக் காட்டுகிறது. இருக்கும் தெம்போடு பெரும்பாலோர் கடந்துவிடுகிறார்கள்.

சேலத்தின் உயரமும் பொம்மிடியின் உயரமும் இதனால் மாறுவதில்லை என்பதை நண்பர் இருமுறை அழுத்திச் சொன்னார். போகவே வாய்ப்பில்லாத இடத்திற்கு நொதி யாரையும் கொண்டுசேர்க்காது. நடக்கக்கூடியதை நடக்கவிடுகிறது. அதே கணவாய் வழியாகத் திரும்பியும் வரலாம். இரு திசையிலும் வேகம் ஒரே மடங்கில் கூடும். கடைசியில் இருபுறமும் எத்தனை பேர் நிற்பார்கள் என்ற கணக்கு மாறாது. அந்தக் கணக்கு எவ்வளவு விரைவில் தீரும் என்பதே மாறும்.

எவ்வளவு விரைவில்? 1995இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் அன்னா ராட்சிக்காவும் ரிச்சர்டு வோல்ஃபெண்டனும், நொதி இல்லாமல் விட்டால் சில வினைகளுக்கு எவ்வளவு காலமாகும் என்று அளந்தார்கள். டி.என்.ஏ.வின் எழுத்துகளில் சிலவற்றை உருவாக்கத் தேவையான ஒரு வினை, தானாகப் பாதியளவு நடக்க 7.8 கோடி ஆண்டுகள் ஆகும். உயிரணுவில் அதற்குரிய நொதி ஒரு நொடியின் ஐம்பதில் ஒரு பங்கு நேரத்திற்குள் ஒரு மூலக்கூறை முடித்துவிடுகிறது. பின்னர் 2008இல் வோல்ஃபெண்டன் குழுவினர் இன்னொன்றை அளந்தார்கள். இரத்தச் சிவப்பையும் இலைப் பச்சையையும் ஆக்கும் வழியில் வரும் ஒரு படி அது. தானாக விட்டால் 230 கோடி ஆண்டுகள். நம் மூச்சுக்காற்றின் கரிவளியைக் கையாளும் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் நொதியோ ஒரு நொடியில் ஏறத்தாழப் பத்து லட்சம் மூலக்கூறுகளை மாற்றவல்லது. ஊழி என்றும் கற்பம் என்றும் நம் நூல்கள் பேசும் காலமெல்லாம் ஓர் இமைப்புக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. அந்த மடிப்புக்குள்தான் நாம் உயிரோடிருக்கிறோம்.

*

அந்தக் கணவாய் எப்படித் திறக்கிறது என்பது தனிக்கதை. 1894இல் எமில் ஃபிஷர் பூட்டும் சாவியும் என்ற உவமையைச் சொன்னார். ஒவ்வொரு நொதிக்கும் ஒரு வடிவக் குழி. அதற்குப் பொருந்தும் மூலக்கூறு மட்டுமே உள்ளே நுழையும். பெக்டினை வெட்டும் நொதி விதையைத் தின்னாமல் பசையை மட்டும் கரைப்பது இதனால்தான். ஆனால் சாவி அவ்வளவு கச்சிதமாகப் பொருந்திவிட்டால் உள்ளேயே சிக்கிக்கொள்ளுமே? 1930இல் 'என்சைம்ஸ்' என்ற நூலை எழுதிய ஜே. பி. எஸ். ஹால்டேன் இதற்கொரு திருத்தம் சொன்னார். சாவி முழுதாகப் பொருந்துவதில்லை, நொதி அதைச் சற்றே இழுத்து வளைக்கிறது என்று. இதே ஹால்டேன்தான் 1957இல் இந்தியாவுக்கு வந்து, இங்கேயே தங்கி, 1964இல் புவனேசுவரத்தில் மறைந்தவர். பின்னாளில் லைனஸ் பாலிங் இதை மேலும் தெளிவாக்கினார். நொதி மிக இறுக்கமாகப் பற்றிக்கொள்வது தொடக்கத்தை அன்று, முடிவையும் அன்று. இரண்டுக்கும் நடுவே, மேட்டின் உச்சியில் ஒரு கணம் தத்தளிக்கும் அந்த நிலையைத்தான். தமிழாசிரியர்களுக்கு எச்சம் நினைவுக்கு வரும். முற்றுப்பெறாமல் நிற்கும் வினை. நொதி, எச்சங்களைத் தாங்கிப் பிடிப்பது.

இந்தக் குழியும் வளைவும் ஒரு புரதச் சங்கிலி மடியும் விதத்தால் அமைபவை. அந்தச் சங்கிலி எந்தக் கோணங்களில் மடியலாம், எவற்றில் மடிய முடியாது என்று 1963இல் வரைபடம் போட்டுக் காட்டியவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜி. என். இராமச்சந்திரனும் அவருடைய உடனாய்வாளர்களான இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோரும். உலகில் எங்கே ஒரு நொதியின் அமைப்பு கண்டறியப்பட்டாலும் இன்றும் அந்தப் படத்தில் வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள். இதை எங்கள் மாணவனிடம் சொன்னபோது அவன் நம்பவில்லை. "சென்னையிலா?" என்று இரண்டு முறை கேட்டான்.

ஆனால் அவனை அதிகம் பிடித்து நிறுத்தியது ஜேம்ஸ் சம்னரின் கதை. பதினேழு வயதில் வேட்டையில் நடந்த விபத்தில் இடக்கையை இழந்தவர். அதுவும் இயல்பிலேயே இடக்கைப் பழக்கம் உடையவர். ஒற்றைக் கையால் வேதியியல் செய்ய முடியாது, சட்டம் படிக்கலாம் என்று அவருடைய பேராசிரியரே அறிவுரை சொன்னார். அவர் கேட்கவில்லை. வாளவரை இனத்து விதை ஒன்றை அரைத்து அரைத்து, ஒன்பது ஆண்டுகள் முயன்று, 1926இல் யூரியேஸ் என்னும் நொதியைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். நொதி என்பது புரதம் என்றார். அக்காலத்துப் பெரியவர்கள் ஏற்கவில்லை. 1946இல் நோபல் பரிசு வந்தது. மிக விரைவாக வேலைசெய்யும் ஒரு பொருளைக் கையில் பிடிக்க அவருக்கு ஒன்பது ஆண்டுகள் ஆயின என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

*

ஆசிரியர் ஒரு வினையூக்கி என்று மேடைகளில் சொல்வது வழக்கம். தானும் மாறாமல், மாணவனை மாற்றிவிட்டு, அடுத்தவனிடம் போகிறவர் என்று பொருள் கொண்டால் அது எங்களுக்கு உவப்பானதாக இல்லை. பல்ப்பர் கொட்டகையிலிருந்து இறங்கி வந்தவர்கள் ஏறிப்போனவர்கள் அல்லர் என்பது எங்களுக்குத் தெரியும். நொதியின் இடத்தில் வைக்கத்தக்கது வேறொன்று: மொழி.

ஆங்கிலத்தில் உள்ள அறிவை அடைய அந்த மாணவனுக்கு வலிமை குறைவு என்று யாரும் சொல்லிவிடலாம், சொல்லியும் இருக்கிறார்கள். உண்மையில் மேடு உயரம். பசை, சங்கிலி, வெட்டுதல், நறநறப்பு என்று நான்கு சொற்கள் கிடைத்ததும் அவன் கடந்துபோன தொலைவை நாங்கள் பார்த்தோம். அவனுக்குள் இல்லாத எதையும் அச்சொற்கள் கொண்டுவந்து வைக்கவில்லை. அவன் தாயின் உள்ளங்கையில் அந்த அறிவு முன்பே இருந்தது. பாடநூலுக்கும் அந்தக் கைக்கும் நடுவே கணவாய்தான் இல்லாதிருந்தது. தமிழில் அறிவியல் எழுத வேண்டும் என்று பேசும்போது நாம் பெரும்பாலும் மொழியின் பெருமையைப் பேசுகிறோம். அடிவாரத்தில் நிற்பவர்களின் எண்ணிக்கையைப் பேசுவது குறைவு.

உவமையின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். நொதி இருந்தால் மட்டும் போதாது. சூடு வேண்டும், நீர் வேண்டும், நேரம் வேண்டும். அந்தப் பையனின் வீட்டுக் கடனை எந்தக் கலைச்சொல்லும் அடைக்காது. இப்போது பூஞ்சையிலிருந்து எடுத்த பெக்டினேஸ் பொடி விற்பனைக்கு வருகிறது. தொட்டியில் கலந்தால் ஒரு நாள் வேலை சில மணி நேரத்தில் முடியும். பசையைத் தேய்த்தே எடுத்துவிடும் இயந்திரங்களும் உள்ளன. அவற்றால் தண்ணீரும் மிச்சமாகும் என்கிறார்கள். தண்ணீர் குறைந்த மலையில் அது சிறிய காரியமன்று. அவை வந்தால் இரவில் எழுந்து தொட்டிக்குப் போகும் அந்த அம்மாவுக்குத் தூக்கம் மிஞ்சுமா, வேலை போகுமா என்பது வேறு கணக்கு. விரைவு யாருடைய கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது அது.

மாணவன் திருப்பூர் போகவில்லை, இதுவரை. உயிர்வேதியியலில் 43 மதிப்பெண் வாங்கித் தேறிவிட்டான். மற்றொரு தாள் பாக்கி இருக்கிறது. வரும் நவம்பரில் எழுதுகிறான். அவனுடைய பாடநூலில் பென்சில் எழுத்து மறுபடி தொடங்கியிருக்கிறது. ஆனால் இப்போது சொல்லுக்குச் சொல் பொருள் எழுதுவதில்லை. பக்கத்தின் ஓரத்தில் தன் சொந்த வாக்கியமாக எழுதுகிறான். பெக்டினேஸ் என்று வரும் இடத்தில் எழுதியிருந்ததை அவன் அனுமதியோடு இங்கே தருகிறோம்: "அம்மா கைக்கு நறநறன்னு வரும் வரைக்கும் இது வேலை செய்யும்."